கடிதம்: அண்ணாமலை யுனிவர்சிட்டி யாருது?

அண்ணே வணக்கம்,

செட்டிநாட்டு வீடுகளப் பத்தி எழுதினப்ப கானாடுகாத்தான் அரண்மனைய ஒரே வரில தாண்டிப் போய்ட்டீங்க. அந்தக் குடும்பம்தானே அண்ணாமலை யுனிவர்சிட்டிய ஆரம்பிச்சது? எங்கப்பா அது பிரைவேட்டுங்கிறாரு, நான் கவர்மெண்ட்டுங்கிறேன், சோத்துல கை வச்சுக்கிட்டே சண்டை. அதோட இங்க மதுரை பக்கத்துல இருந்த மனுசங்க அத ஏன் சிதம்பரத்துல கொண்டு போயி கட்டினாங்க?

ஒரு வாசகர், திருமங்கலம்

தம்பி,

முதல்ல சோத்தத் தின்னு முடிங்க. ரெண்டு பேரு சொல்றதும் சரிதான்.

சிதம்பரம் ஏன்னா, அங்க அந்தக் குடும்பத்துக்கு ஏற்கெனவே பிடிமானம் இருந்துச்சு. யுனிவர்சிட்டிய ஆரம்பிச்ச அண்ணாமலை செட்டியாரோட அண்ணன் ராமசாமி செட்டியார், 1907ல இந்தியன் பேங்க் ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர், அவரு பேர்ல இன்னைக்கும் சிதம்பரத்துல ஹைஸ்கூல் ஓடுது. தம்பி 1920ல அதே ஊர்ல மீனாட்சி காலேஜ ஆரம்பிச்சாரு. நடராஜர் ஊர்ல மீனாட்சி பேரு, நம்ம ஊர்க்காரனுக்கு அது ஒரு சந்தோசம். அப்புறம் தமிழுக்குன்னு தனியா ஒரு காலேஜ், அதுக்கு பிரின்சிபாலா வந்து உக்காந்தது யாருன்னா உ.வே.சா., எழுபது வயசு நெருங்குறப்ப.

இந்தக் காலேஜுகளையும் கூட 20 லட்சம் ரூபாயையும் தூக்கி சர்க்கார்ட்ட குடுத்து, அதுக்குன்னு சட்டம் போட்டு, 1929ல வந்ததுதான் யுனிவர்சிட்டி. அந்தக் காலத்து 20 லட்சம்! அதே 1929லதான் வெள்ளைக்காரன் அவருக்கு ராஜா பட்டமும் குடுத்தான், நான் முடிச்சுப் போடல, வருசத்த மட்டும் சொல்றேன். மெட்ராஸ் யுனிவர்சிட்டி மாதிரி ஊர் ஊரா இருக்கிற காலேஜுக்கு பரீட்சை வைக்கிற வேலை அப்ப இதுக்குக் கெடையாது, ரயில் தண்டவாளத்துக்குக் கிழக்க திருவேட்களத்துல ஒரே எடத்துல தங்கிப் படிக்கணும், அவ்ளோதான் அப்ப.

உங்கப்பா சொல்றது எங்க சரின்னா, இணைவேந்தர் நாற்காலி. கவர்னர் வேந்தர், ஆனா அவருக்கு அடுத்த நாற்காலி குடும்பத்துக்குன்னு பரம்பரையா இருந்துச்சு. அண்ணாமலை செட்டியார் 1948ல போனப்புறம் மகன் முத்தையா செட்டியார் (நம்ம மதுரை தங்கராஜ் சாலைல ராஜா முத்தையா மன்றம் இருக்குல்ல, அந்த முத்தையா), 1984க்கு அப்புறம் அவரு மகன் எம்.ஏ.எம். ராமசாமி. சட்டத்துல பொதுச்சொத்து, நடைமுறைல பெரிய வீட்டு சமாச்சாரம். எனக்குக் கேட்டா அந்த நாற்காலிதான் அதோட பலமும் நோயும். ஆரம்பத்துல ஒரு மனுசன் நெனச்சா தமிழிசைக்கு மாநாடு போட முடிஞ்சது, 1941ல அங்கதான் முதல்ல போட்டாங்க. கடைசில தேவைக்கு மேல ஆயிரக்கணக்குல ஆளச் சேத்து சம்பளம் குடுக்க முடியாமப் போனப்ப கணக்குக் கேக்க உள்ள ஆளே இல்ல. 2013ல கவர்மெண்ட் ஆபீசரப் போட்டு, புதுச் சட்டம் கொண்டாந்து, எடுத்துக்கிச்சு. அதுக்கப்புறம் நீங்க சொல்றது சரி.

மதுரைக்கு என்னன்னு நீங்க கேக்கல, இருந்தாலும் சொல்லாம விட மாட்டேன். பசுமலைல இருந்த சோமசுந்தர பாரதியார் வக்கீல் தொழில விட்டுட்டு 1933ல அங்க தமிழ்ப் பேராசிரியரா போனாரு. 1966ல மதுரைக்கு யுனிவர்சிட்டி வந்தப்ப முதல் துணைவேந்தர் தெ.பொ. மீனாட்சிசுந்தரம், அவரும் அண்ணாமலைல தமிழ் நடத்தினவரு. பின்னாடி 1979ல துணைவேந்தரா வந்த வ.சுப. மாணிக்கம் அங்கயே பண்டிதமணி கதிரேசஞ் செட்டியார்ட்ட பாடம் கேட்டு அங்கயே வேலையும் பாத்தவரு. மதுரை யுனிவர்சிட்டி இருக்கிற நாகமலை அடிவாரத்துக்கு வந்த தமிழ் பாதி கொள்ளிடம் தாண்டி வந்ததுதான்.

எங்க சித்தி அண்ணாமலை கரஸ்ல படிச்சாங்க. தபால்ல வர்ற பாடப் புத்தகத்த மாட்டுத்தாவணிக்கு அந்தப்பக்கம் டவுன் பஸ்ல போறப்ப மடியில விரிச்சு வச்சுப் படிப்பாங்க, மல்லிப்பூக் கூடைக்காரம்மா எடம் கேட்டா புத்தகத்த மூடாமலே நகந்து உக்காருவாங்க. அவங்க சிதம்பரத்துக்குப் போனதே இல்ல. பட்டத்துல போட்டிருந்த ஊரு பேர மட்டும் வெரல வச்சு எங்களுக்குக் காட்டினாங்க.