நான்காவது இயந்திரம் வாங்கலாமா?

கேள்வி: கோவை கணபதியில் மூன்று சி.என்.சி. லேத் (கணினி இயக்கும் கடைசல் இயந்திரம்) வைத்து, பிற கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்கிறேன். 8 மணி நேர ஷிப்ட் இரண்டு, மாதம் 25 நாள். ஒரு பீஸுக்கு சைக்கிள் டைம், அதாவது இயந்திரம் கடையும் நேரம், 3 நிமிடம். ஆர்டர் மாதம் 18,000 பீஸ். 13,500-ஐத் தாண்ட முடியவில்லை. லோடிங், அன்லோடிங், அளவு பார்ப்பதற்கு 40 விநாடி ஆகிறது. ஷிப்டுக்கு 45 நிமிடம் சாப்பாடு, டீ. வேறு வகை பீஸ் ஓட்ட மாதம் 40 முறை செட்டிங் மாற்றுகிறோம், ஒவ்வொன்றுக்கும் இரண்டரை மணி நேரம். கடன் வாங்கி இன்னொரு இயந்திரம் போடலாமா?

பதில்: இப்போது வேண்டாம்.

ஆர்டருக்குத் தேவை 900 மணி நேரம், மூன்று இயந்திரமும் சேர்த்துக் கையில் இருப்பது 1,200 என்று நினைத்துத்தான் ஆர்டரை ஏற்றிருப்பீர்கள். இரண்டு எண்ணுமே தவறு. இடைவேளை போனால் மிஞ்சுவது 1,087 மணி நேரம். 40 விநாடியையும் சேர்த்தால் ஒரு பீஸுக்கு 220 விநாடி. 18,000 பீஸுக்கு 1,100 மணி நேரம். செட்டிங்கைத் தொடுவதற்கு முன்பே கணக்கு உதைக்கிறது!

இப்போது எடுக்கும் 13,500 பீஸுக்கு 825 மணி நேரம், செட்டிங்குக்கு 100. மீதி சுமார் 160 மணி நேரம் எங்கே போனது? மின்தடை, இன்சர்ட் (வெட்டும் முனை) மாற்றுவது, மெட்டீரியலுக்குக் காத்திருப்பது, ஆள் வராதது. இது உங்கள் கேள்வியில் இல்லை. பெரும்பாலும் யாருமே இதை எழுதி வைப்பதில்லை.

ஷிப்டுக்கு ஒரு மாற்று ஆபரேட்டரைப் போடுங்கள். மூவரும் முறை வைத்துச் சாப்பிடப் போனால் இயந்திரம் நிற்காது. 1,200 மணி நேரமும் கைக்கு வரும். அளவு பார்ப்பதை அடுத்த பீஸ் ஓடும்போதே செய்தால் 40 விநாடி 20 ஆகும். (அளவு தவறியிருந்தால் கூடுதலாக ஒரு பீஸ் வீணாகும், அவ்வளவுதான்.) அப்போது 18,000 பீஸுக்கு 1,000 மணி நேரம் போதும்.

செட்டிங்தான் கடினம். வாடிக்கையாளர் போனில் அவசரம் என்றதும் ஓடுகிற ஜாப்பை இறக்கிவிட்டு அவருடையதை ஏற்றும் பழக்கம் நம் பட்டறைகளில் ஊறியது. ஒரே வகை பீஸைச் சேர்த்து ஓட்டினால் 40 செட்டிங்கை 20 ஆக்கலாம். 50 மணி நேரம் மிச்சம். ஆனால் சரக்கு சில நாள் தேங்கும், அதில் பணம் முடங்கும். வட்டி கட்டுகிறவர் இதையும் பார்க்க வேண்டும்.

ஆக மொத்தம் 1,050 மணி நேரம் போக 150 மீதி. நீங்கள் கணக்கில்லாமல் இழப்பதோ 160. இடைவெளி 10 மணி நேரம்தான். மாதம் ஒரு ஞாயிறு ஒரு ஷிப்ட் ஓட்டினால் 24 மணி நேரம் கிடைக்கும். ஆனால் இதற்கு மேல் ஒரு ஆர்டரும் ஏற்காதீர்கள்.

ஒவ்வொரு இயந்திரத்தின் அருகிலும் ஒரு நோட்டு வையுங்கள். எப்போது நின்றது, எப்போது ஓடியது, ஏன் என்று ஆபரேட்டர் எழுதட்டும். நோட்டைக் காட்டி யாரையும் திட்டாதீர்கள். திட்டினால் மறுநாளிலிருந்து பொய்தான் எழுதுவார்கள். மூன்று மாதம் கழித்து அந்த 160 மணி நேரம் குறைந்த பிறகும் ஆர்டர் மிஞ்சினால், அந்த நோட்டோடு வங்கிக்குப் போங்கள்.