எட்டு த்ரெட்டும் ஒரு த்ரெட்டும்

அன்புள்ள அக்கா,

கொழிஞ்சாம்பாறையில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன். நான்கு கோர் உள்ள லினக்ஸ் கம்ப்யூட்டர். ஒரே டெர்மினலிலிருந்து இரண்டு வேலைகளை ஓடவிட்டேன். வீடியோவை மாற்றும் நிரலுக்கு எட்டு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைக் கிளைகள்), போட்டோக்களைச் சரிசெய்யும் ஸ்கிரிப்டுக்கு ஒன்று. எந்த நிரலுக்கு எவ்வளவு கோர் நேரம் போகிறது என்று காட்டும் டாப்பில் பார்த்தால் முதலாவதுக்கு 355 சதவீதம், இரண்டாவதுக்கு 45. லினக்ஸ் எல்லோருக்கும் சமமாகப் பங்கிடும் என்கிறார்களே, இதுவா சமம்?

— ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

சமம்தான். ஒரு கோர் முழுதாக உழைத்தால் 100 சதவீதம், நான்கு கோருக்குச் சேர்த்து 400 சதவீதம். ஓடத் தயாராக நின்றவை ஒன்பது த்ரெட். 400-ஐ ஒன்பதால் வகுத்தால் தலைக்கு 44 சொச்சம் வருகிறது. வீடியோ நிரலுக்கு அதில் எட்டுப் பங்கு. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் எண்ணுவது த்ரெட்டை, நிரலை அல்ல. அடுத்து யாருக்குக் கோர் என்று முடிவு செய்யும் லினக்ஸ் ஷெட்யூலருக்குத் தனிப் பிராசஸும் (ஓடும் நிரலும்) ஒரு பிராசஸுக்குள் இருக்கும் த்ரெட்டும் ஒன்றுதான். இரண்டையும் 'டாஸ்க்' என்றே பார்க்கிறது.

நீங்கள் நம் பக்கத்து ஆள், இதை உங்களுக்குத் தண்ணீரை வைத்தே சொல்லிவிடலாம். மூலத்தறையிலிருந்து வரும் தண்ணீரை எங்கள் கிளை வாய்க்காலில் முறை வைத்து விடுவார்கள். தலைக்கட்டுக்கு ஒரு முறை என்று கணக்கு. பாகம் பிரிந்த நான்கு அண்ணன் தம்பிகளுக்கு நான்கு முறை. பக்கத்து வயல்காரம்மா ஒற்றை ஆள், அவருக்கு ஒன்று. மடையைத் திறந்தவர் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனாலும் அந்த அம்மாவின் நெல் காய்ந்ததைப் பார்த்திருக்கிறேன். எதை ஒன்று என்று எண்ணுகிறோம் என்பதிலேயே பாதி நியாயம் முடிந்துவிடுகிறது.

இங்கோ மோல்நார் எழுதிய சிஎஃப்எஸ் ஷெட்யூலர் 2007-இல் கெர்னல் 2.6.23-உடன் வந்தது. ஒவ்வொரு டாஸ்க்கும் இதுவரை ஓடிய நேரத்தை, அதன் எடைக்கு, அதாவது அதற்குரிய பங்கின் அளவுக்கு, ஏற்பக் கணக்கெழுதி வைத்து, குறைவாக ஓடியதை அடுத்து ஓட விடும். 2023-இல் 6.6 பதிப்பில் ஈஈவிடிஎஃப் என்ற ஷெட்யூலர் அந்த இடத்துக்கு வந்தது. அடுத்தது யார் என்று தேர்ந்தெடுக்கும் விதம் மாறியது, எண்ணும் அலகு மாறவில்லை.

சரி, உங்கள் ஸ்கிரிப்டுக்கு என்ன வழி? வீடியோ வேலையை நைஸ் 10 கொடுத்துத் தொடங்குங்கள். நைஸ் எண் கூடக்கூட எடை குறையும். நைஸ் 0-வின் எடை 1024, நைஸ் 10-இன் எடை 110. எட்டு த்ரெட்டும் சேர்ந்தாலும் 880-தான், உங்கள் ஒற்றை ஸ்கிரிப்டைவிடக் குறைவு. அதற்குக் கிட்டத்தட்ட ஒரு முழு கோர் கிடைத்துவிடும். ஒற்றை த்ரெட்டால் அதற்கு மேல் சாப்பிடவும் முடியாது. மிச்சம் மூன்று கோரும் வீடியோவுக்குத்தான், அதற்கும் பெரிய நஷ்டமில்லை.

இங்கே பலர் இடறுகிற ஓர் இடம் உண்டு, நானும் ஒரு ராத்திரி முழுக்கத் திணறியிருக்கிறேன். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் பிராசஸ் எண்ணைக் கொடுத்து ரீநைஸ் செய்தால் (நைஸ் மதிப்பை மாற்றினால்), லினக்ஸில் அது முதல் த்ரெட்டை மட்டுமே மாற்றும். மற்ற ஏழும் பழைய எடையிலேயே ஓடும். தொடங்கும்போதே நைஸ் கொடுத்தால் பிறக்கிற த்ரெட் எல்லாம் அதே மதிப்போடு பிறக்கும்.

எண்ணும் அலகையே மாற்றவும் வழி இருக்கிறது. சி-குரூப் என்ற கெர்னல் வசதியை வைத்து இரண்டு வேலைகளையும் தனித்தனிக் குழுவாக்கினால், ஷெட்யூலர் முதலில் குழுக்களுக்கு இடையே பங்கிடும், பிறகுதான் உள்ளே இருக்கும் த்ரெட்டுகளுக்கு. 2011-இல் 2.6.38-இல் வந்த ஆட்டோகுரூப்பும் இதைத்தான் செய்கிறது, ஒவ்வொரு டெர்மினல் அமர்வையும் ஒரு குழுவாக எடுத்துக்கொள்ளும். நீங்கள் ஒரே டெர்மினலிலிருந்து ஓட்டியதால் அது உதவிக்கு வரவில்லை. அது இயங்கும்போது நைஸ் மதிப்பு அந்தக் குழுவுக்குள் மட்டுமே செல்லும், அதையும் மனதில் வையுங்கள்.

முதலில் நைஸ் 10 வைத்து ஓட்டி, டாப்பில் பெரிய எழுத்து எச் அழுத்தி த்ரெட் த்ரெட்டாகப் பாருங்கள். ஒன்பது வரிகளும் தெரியும். அந்த எண்களை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா