எங்கள் ஊரில் மறுபடியும் சைக்கிள் பழக்கத்தைக் கொண்டுவர என்ன செய்யலாம்?

கேள்வி கேட்டவர் ஒரு சிறிய நகரத்துக்காரர். நண்பர்கள் சேர்ந்து ஞாயிறுதோறும் சைக்கிள் பேரணி நடத்துகிறார்களாம், டி-சர்ட்கூட அச்சடித்தாயிற்றாம், ஆனால் திங்கட்கிழமை காலையில் எல்லோரும் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள், என்ன செய்வது, ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

பேரணியைப் பார்த்து யாரும் சைக்கிளுக்கு மாறுவதில்லை சார். தனக்கு ஆகவேண்டிய ஏதோ ஒரு வேலை சைக்கிளில் சுலபமாக முடியும் என்று தெரிந்தால்தான் மாறுவார்கள். இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை, நான் புதுக்கோட்டைக்காரன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் மாவட்டத்தில் நடந்தது கொஞ்ச நஞ்சமல்ல.

1991-ல் இங்கே அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தறிவோடு சைக்கிள் கற்றுக்கொடுப்பதையும் அவர் சேர்த்துக்கொண்டார். காரணம் எளிமையானது. கிராமம் கிராமமாகப் போய் வகுப்பு எடுக்க வேண்டியவர்களில் நிறையப் பேர் பெண்கள். பஸ் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, அண்ணனோ கணவரோ கொண்டுபோய் விட்டால்தான் உண்டு. பெண்களுக்கு சைக்கிள் வாங்கக் கடன் கிடைக்க வழி செய்தார்கள். கல் குவாரியில் வேலை பார்த்தவர்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆசிரியைகள் என்று ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்துவிட்டது, அதனால் ஜென்ட்ஸ் சைக்கிளையே ஓட்டினார்கள். அதிலும் ஒரு வசதி, முன்னால் இருக்கிற பாரில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாம். 1992 மகளிர் தினத்தன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஹேண்டில் பாரில் கொடி கட்டிக்கொண்டு ஊருக்குள் வந்தார்கள். அதுவும் பேரணிதான், ஆனால் அதற்கு முன்பே அவர்கள் தினமும் ஓட்டத் தொடங்கியிருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

என் அம்மா அப்படிக் கற்றுக்கொண்டவர்தான். கல்யாணமாகி, நானும் பிறந்த பிறகு, பள்ளிக்கூட மைதானத்தில் சாயங்காலம் மற்ற பெண்களோடு சேர்ந்து பழகியிருக்கிறார். டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் கேலி பேசாமல் இல்லை. தனியாக ஒருத்தி விழுந்தால்தான் கேலி உறைக்கும், இருபது பேர் சேர்ந்து விழுந்து எழுந்தால் யாரைப் பார்த்துச் சிரிப்பது? அப்புறம் கேரியரில் குடம் கட்டித் தண்ணீர் கொண்டுவந்தார், என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார், சந்தைக்குப் போனார். சைக்கிள் உடம்புக்கு நல்லது என்று ஒருவரும் அவரிடம் சொன்னதில்லை, சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்.

ஆக அன்று மூன்று விஷயங்கள் ஒன்றாகக் கிடைத்தன: பழக ஒரு இடம், வாங்கக் கடன், போய்வர ஒரு வேலை. உங்கள் ஊரில் இந்த மூன்றில் எது இல்லை என்று முதலில் பாருங்கள்.

பிறகு ஏன் குறைந்தது என்று கேட்பீர்கள். மொபெட் வந்தது, கையில் காசும் கொஞ்சம் வந்தது, சைக்கிளில் வந்தால் மாப்பிள்ளைக்கு வேலை சரியில்லையோ என்று நினைக்கிற காலமும் வந்தது. இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மேமாத வெயிலில் பத்து கிலோமீட்டர் மிதித்தவர் டிவிஎஸ் எக்ஸெல் மொபெட் வாங்கியதைத் தப்பென்று சொல்ல நாம் யார்? ஆனால் ஊருக்குள் மூன்று நான்கு கிலோமீட்டருக்கு பைக் எதற்கு என்ற கேள்வி நியாயமானது, பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டிய பிறகு இன்னும் நியாயமானது.

உங்கள் ஊரில் இன்றைக்கும் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் யார் என்று ஒரு நாள் காலை எட்டு மணிக்கு ஏதாவது ஒரு முக்கில் நின்று பாருங்கள். டி-சர்ட் போட்டவர்கள் அல்ல. பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த இலவச சைக்கிளில் வரும் பிள்ளைகள், சித்தாள் வேலைக்குப் போகிறவர்கள், பூக்காரர், பால்காரர், இரவு வேலை முடிந்து திரும்பும் வாட்ச்மேன். இவர்களுடைய கஷ்டத்தைத் தீர்த்தாலே பாதி வேலை முடிந்தது. மாலையில் பள்ளி விட்டதும் பிள்ளைகள் நெடுஞ்சாலை ஓரத்தில், வெள்ளைக்கோட்டுக்கும் மண்ணுக்கும் நடுவே, லாரி உரச வருகிறார்கள். அந்த ஓரத்து மண்ணைத் தாரோடு மட்டமாக்கச் சொல்லி நெடுஞ்சாலைத் துறைக்கு மனு கொடுங்கள். பேரூராட்சியிலோ நகராட்சியிலோ தீர்மானம் போட்டுக் கொடுத்தால் இன்னும் பலன் உண்டு.

இங்கே மற்ற பதில்களில் எல்லோரும் சைக்கிளுக்குத் தனிப்பாதை கேட்டிருக்கிறார்கள். பெரிய சாலையில் சரி. சின்ன ஊரின் கடைத்தெருவில் தனிப்பாதை போட்டால் மறுநாளே அது பைக் ஸ்டாண்ட் ஆகிவிடும். அங்கே வேண்டியது வண்டிகளின் வேகத்தைக் குறைப்பது, அப்புறம் சைக்கிளைப் பூட்டி நிறுத்த இடம். பேருந்து நிலையத்தில் சைக்கிளை விட்டுவிட்டு வேலைக்குப் போய் வருகிறவருக்குக் கூரையும் ஒரு காவலாளும் வேண்டும். திரும்பி வரும்போது சீட்டைக் காணோம் என்றால் அடுத்த நாள் அவர் சைக்கிள் எடுக்கமாட்டார்.

பஞ்சர் கடை விஷயம் இதைவிட முக்கியம். பைக் பஞ்சர் ஒட்டுகிற இடத்தில் சைக்கிளைத் தொடமாட்டேன் என்கிறார்கள், கட்டுப்படியாகாது. வீட்டுக்கு வீடு இலவச சைக்கிள் டியூப் போய், ரிம் கோணி, சுவரில் சாய்ந்து துரு ஏறிக்கொண்டிருப்பது இதனால்தான். ரிம்முக்குக் கோட்டம் எடுக்கத் தெரிந்த வயதான மெக்கானிக் யாராவது இன்னும் இருப்பார். அவரை மாதம் ஒரு ஞாயிறு பள்ளி மைதானத்துக்குக் கூப்பிட்டு, நாள் கூலியைக் குழுவே கொடுத்து, வருகிற சைக்கிளையெல்லாம் சரிசெய்யச் சொல்லுங்கள். பக்கத்தில் இரண்டு பையன்களை நிற்க வையுங்கள், தொழிலும் கைமாறும். டி-சர்ட் காசில் இதை எத்தனையோ மாதம் நடத்தலாம்.

பெரியவர்களுக்கும் பழக்கிவிடுங்கள். நாற்பது வயதில் சைக்கிள் தெரியாத பெண்கள் நிறைய இருக்கிறார்கள், கேட்கக் கூச்சம். பெண்கள் மட்டும் வரும் நேரம் ஒன்று ஒதுக்கினால் வருவார்கள். முட்டிவலிக்காரர்களுக்கு மின்சார சைக்கிள் இருக்கிறது, மோட்டார் 250 வாட்டுக்குள்ளும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ளும் இருந்தால் லைசென்ஸ் வேண்டாம்.

பொழுதுபோக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கொலம்பியாவின் பொகோட்டாவில் 1974 முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் சாலைகளைக் கார்களுக்கு மூடி மக்களுக்கு விடுகிறார்கள். நாம் அவ்வளவு தூரம் போகவேண்டாம், கடை திறக்கும் முன் காலை ஆறு முதல் எட்டு வரை ஒரே ஒரு வீதியை மூடிப் பிள்ளைகளை ஓட்டவிட்டால் போதும். எங்கள் ஊரில் ராஜ வீதிகள் நேராகப் போட்டவை, இதற்கென்றே போட்டது மாதிரி இருக்கும். கொஞ்சம் பழகியவர்கள் அன்னவாசல் சாலையில் சித்தன்னவாசல் போகலாம், பதினாறு கிலோமீட்டர் அளவுதான். விடியும்போது கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம், குன்றின் மேலே ஏழடிப்பட்டம் என்ற குகையில் சமணத் துறவிகளின் கல் படுக்கைகளைப் பார்க்கலாம். தெருநாய் துரத்தினால் வேகமாக மிதிக்காதீர்கள், இறங்கி சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடங்கள்.

ஹெல்மெட் போட்டால் நல்லதுதான், நெடுஞ்சாலைப் பக்கம் போகிறவர்கள் கண்டிப்பாகப் போடட்டும். ஆனால் அதை நிபந்தனையாக்கினால் சித்தாளும் பூக்காரரும் உங்கள் கூட்டத்துக்கு வரமாட்டார்கள். டைனமோ விளக்கு போய்விட்ட காலம் இது, இருட்டில் பின்னால் வரும் லாரிக்காரர் கண்ணுக்கு சைக்கிள் தெரிவதே இல்லை. கையில் பணமிருந்தால் முதலில் ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கரும் பின்விளக்கும் வாங்கி, ராத்திரி வேலைக்குப் போகிறவர்களின் மட்கார்டில் ஒட்டிக் கொடுங்கள்.