தரையை விடாத சக்கரம் – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

ஏரிக்கரைப் பாதைகளில் சைக்கிள் ஓட்டுவது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் நான் தார் ரோட்டை விட்டு மண்ணில் இறங்கினேன். இரண்டு வருடமாக முன்பக்கம் மட்டும் ஷாக் உள்ள ஒரு மலைச் சைக்கிள் ஓட்டுகிறேன். காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் எட்டு மணிக்குள் வீடு திரும்பிவிடுவேன்.

இப்போது முன்னும் பின்னும் ஷாக் உள்ள, எடை குறைந்த கிராஸ் கன்ட்ரி (மேடு பள்ளமான மண்பாதையில் வேகமாக ஓட்டுவதற்கான) சைக்கிள் வாங்கலாமா என்று யோசனை. கூட ஓட்டுகிறவர்களில் ஒருவர், "அது வெளிநாட்டுக் காட்டுக்குச் செய்த வண்டி, நம்ம ஊருக்குத் தண்டம்" என்கிறார். இன்னொருவர், "மிதிக்கிற மிதியெல்லாம் அந்த ஷாக்லயே போயிடும், ஏத்தத்துல மூச்சு முட்டும்" என்கிறார். நண்பர் ஒருவரின் வண்டியை வாங்கி ஒரு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தேன். தொட்டில் மாதிரி ஆடியது. எனக்கு 38 வயது, எடை 74 கிலோ. போட்டிக்குப் போகும் எண்ணமில்லை. விலையோ ஒரு நல்ல மோட்டார் சைக்கிளின் விலை. வாங்கலாமா? வாங்கினால் பழையதை விற்றுவிடலாமா?

கு., காட்பாடி

*

அன்புள்ள கு.,

"தொட்டில் மாதிரி ஆடியது" என்ற வரியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். எனக்கும் அதுதான் நடந்தது. என் முதல் இருபக்க ஷாக் வண்டியைக் கடையில் பூட்டிக் கொடுத்தபோது, என் எடை என்ன என்று யாரும் கேட்கவில்லை. சொல்ல வேண்டும் என்று எனக்கும் தெரியாது. மூன்று மாதம் அப்படியே ஓட்டினேன். ஒவ்வொரு மிதிக்கும் பின்பக்கம் அமுங்கி அமுங்கி எழுந்தது. சின்னப் பள்ளத்தில் இறங்கினாலே 'டங்' என்று அடிவாங்கியது. இவ்வளவு பணத்தைக் கொட்டினோமே என்று மனசு விட்டுப்போய், விற்றுவிடுவது என்ற முடிவுக்கே வந்துவிட்டேன். இந்த ஷாக்கில் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுதான் ஆளைத் தாங்குகிறது. வெளியூரிலிருந்து ஓட்ட வந்த ஒரு தம்பி, அந்தக் காற்றை ஏற்றி இறக்கும் ஷாக் பம்ப்பைத் தன் பையிலிருந்து எடுத்து மாட்டிப் பார்த்தார். என் எடைக்கு இருக்க வேண்டிய காற்றில் பாதிதான் இருந்தது. பத்து நிமிடத்தில் சரிசெய்தார். அன்று மாலை நான் ஓட்டியது வேறு வண்டி.

நீங்கள் ஓட்டிப் பார்த்தது உங்கள் நண்பரின் எடைக்குக் காற்று வைத்த வண்டி. அதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். இன்னொரு முறை கேட்டு வாங்குங்கள், கூடவே ஷாக் பம்ப்பையும். டயருக்கு அடிக்கும் பம்ப் இதற்கு ஆகாது. பின் ஷாக்கின் பளபளப்பான தண்டில் ஒரு கறுப்பு ரப்பர் வளையம் இருக்கும். சுவரில் ஒரு கை ஊன்றிக்கொண்டு, ஷூ, தண்ணீர் பாட்டில், பை எல்லாவற்றோடும் சீட்டில் மெதுவாக உட்காருங்கள். அந்த வளையத்தை, தண்டு உள்ளே நுழையும் ஷாக்கின் வாய் வரை தள்ளிவிட்டு, குலுக்காமல் இறங்குங்கள். வாய்க்கும் வளையத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். அந்தத் தண்டு மொத்தம் 45 மில்லிமீட்டர் உள்ளே போகும் என்றால், நீங்கள் சும்மா உட்கார்ந்ததற்கு 9 முதல் 11 மில்லிமீட்டர் வரை போயிருக்க வேண்டும். ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நான்கில் ஒரு பங்கு என்பது கணக்கு. அதிகம் போயிருந்தால் கொஞ்சம் காற்று ஏற்றுங்கள், ஷாக்கை நான்கைந்து முறை அமுக்கிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். பம்ப்பைக் கழற்றும்போது 'புஸ்' என்று சத்தம் வரும். பயப்பட வேண்டாம், அது பம்ப்பின் குழாயில் இருந்த காற்று. ஷாக்கிலிருந்து போவதில்லை.

இதோடு ரீபவுண்ட் என்று ஒரு திருகு உண்டு. அமுங்கிய ஷாக் எவ்வளவு வேகமாகத் திரும்பி வர வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. உட்கார்ந்தபடியே ஒரு நடைபாதை மேட்டிலிருந்து இறங்குங்கள். சீட் ஒரு தரம் எழும்பி அடங்க வேண்டும். இரண்டு மூன்று தரம் ஆடினால் திருகை இறுக்குங்கள். அந்தத் தொட்டிலாட்டத்தில் பெரும்பங்கு இந்த இரண்டு விஷயத்திலேயே போய்விடும்.

சரி, இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். பின் ஷாக் என்றால் சொகுசு, முதுகு வலிக்காது, அவ்வளவுதான் என்று பலர் நினைக்கிறார்கள். முதுகுக்கு நல்லதுதான். ஆனால் அது செய்யும் முக்கியமான வேலை வேறு. உங்கள் இப்போதைய வண்டியின் பின்சக்கரம் முஷ்டி அளவு கல்லில் ஏறும்போது, கூடவே நீங்களும் மேலே தூக்கப்படுகிறீர்கள். 74 கிலோவைத் தூக்கும் சக்தி எங்கிருந்து வருகிறது? நீங்கள் மிதித்துச் சேர்த்த வேகத்திலிருந்துதான். கல்லைத் தாண்டியதும் சக்கரம் ஒரு கணம் தரையை விட்டுவிடும். அந்தக் கணத்தில் மிதியும் வீண், பிரேக்கும் வீண். பின் ஷாக் இருந்தால் சக்கரம் மட்டும் ஏறி இறங்கும், நீங்கள் அதே உயரத்தில் போய்க்கொண்டிருப்பீர்கள். டயர் மண்ணை விடாது.

நம்ம வேலூரை "மரமில்லாத மலை, தண்ணியில்லாத ஆறு" என்று நாமே காலங்காலமாகச் சொல்லிக்கொள்கிறோம். சைக்கிள்காரனுக்கு அந்தச் சொலவடையில் ஒரு நிலவியல் பாடம் இருக்கிறது. மரம் இல்லாத கருங்கல் மலை வெயிலில் வெந்து, மழையில் நனைந்து, செதில் செதிலாக உடைந்து அடிவாரத்தில் கொட்டிக்கொண்டே இருக்கிறது. அதனால் நம் ஒத்தையடிப்பாதைகளில் ஈரப்பிடிப்புள்ள மண் குறைவு. அடியில் இறுகிய செம்மண், அதன்மேல் உருளும் சரளை, நடுநடுவே அசையாத பாறை முதுகு. மாட்டுவண்டித் தடமோ காய்ந்து இரும்பாகி, குளம்புப் பள்ளங்களோடு கிடக்கும். டயர் தரையைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டிய நிலம் என்று ஒன்று உண்டென்றால், அது இதுதான். வெளிநாட்டுக் காட்டுக்குச் செய்த வண்டி என்கிறவரை ஒரு நாள் கணியம்பாடிப் பக்கம் மலையடிவாரத்துக்கு அழைத்துப் போங்கள்.

நான் வாரம் ஒரு முறை போகும் ஒரு ஏற்றம் இருக்கிறது. ஒரு ஏரியின் மதகு தாண்டி, மேய்ச்சலுக்குப் போகும் ஆடுகள் போட்ட தடம். நூற்றைம்பது மீட்டர்கூட இருக்காது. பழைய வண்டியில் பாதி ஏற்றத்தில் கல் தடுக்கும், எழுந்து நின்று மிதிப்பேன். எழுந்ததும் பின்சக்கரத்தின் மேலிருந்த பாரம் போய்விடும், சரளையில் சக்கரம் சுற்றிக்கொண்டு நிற்கும், கால் ஊன்றி இறங்குவேன். இரண்டு வருடம் ஒரு முறைகூட முழுசாக ஏறியதில்லை. புது வண்டியில் காற்று சரிசெய்த பிறகு அதே இடத்தில் எழாமல் உட்கார்ந்தே மிதித்தேன். கல்லெல்லாம் எனக்குக் கீழே எங்கோ நடப்பது மாதிரி இருந்தது. மேலே போய் நின்றபோது ஆடு மேய்க்கும் பெரியவர், "இன்னிக்கு எறங்கவே இல்லியே" என்றார். அவர் இத்தனை நாளும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"மிதியெல்லாம் ஷாக்கில் போய்விடும்" என்பது முன்பு நியாயமான குறைதான். இப்போதைய கிராஸ் கன்ட்ரி வண்டிகளில் பின்சக்கரத்தைத் தாங்கும் கைகள் மடங்கும் இடத்தை, செயினின் இழுப்பே ஷாக்கை அமுங்கவிடாமல் தாங்கும்படி அமைக்கிறார்கள். உட்கார்ந்து, சீராகக் கால் சுற்றினால் ஆட்டம் மிகக் குறைவு. எழுந்து நின்று உதைத்தால் ஆடும். அதற்குத்தான் ஷாக்கை அமுங்காமல் பூட்டிவைக்கும் லாக்அவுட் விசையை ஹேண்டில்பாரிலேயே வைக்கிறார்கள். ஓட்டேரியிலிருந்து பாலமதி மலைக்கு ஏறும் தார் ரோட்டில் நான் அதைப் பூட்டிவிட்டுத்தான் ஏறுகிறேன். மண்ணுக்கு வந்ததும் திறந்துவிடுவேன். கல் நிறைந்த ஏற்றத்தில் பூட்டி வைப்பது பெரிய தப்பு, அங்கேதான் ஷாக் உங்களுக்குச் சம்பாதித்துக் கொடுக்கிறது.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. மலைச் சைக்கிள் பந்தயம் 1996 அட்லாண்டாவில் ஒலிம்பிக்ஸுக்கு வந்தது. எடையை கிராம் கிராமாக எண்ணுகிற அந்த வீரர்களில் பெரும்பாலோர் பல காலம் பின் ஷாக்கைத் தொடவில்லை. 2012 லண்டனில் செக் நாட்டின் யாரோஸ்லாவ் குல்ஹாவி இருபக்க ஷாக் வண்டியில் தங்கம் வென்றார். டோக்கியோவிலும், 2024 பாரிஸிலும் வென்ற இங்கிலாந்தின் டாம் பிட்காக் ஓட்டியதும் அதே வகைதான். பாரிஸில் நடுவில் டயர் பஞ்சராகி, சக்கரத்தை மாற்றிக்கொண்டு வந்து ஜெயித்தார். அவர்கள் சொகுசு தேடியா அந்த வண்டிக்கு மாறினார்கள்? அதில் வேகமாகப் போக முடிகிறது, அதனால் மாறினார்கள்.

எடை விஷயத்தில் மட்டும் உங்களைக் கொஞ்சம் நிதானப்படுத்த நினைக்கிறேன். இந்த வண்டிகள் பொதுவாக 10 முதல் 12 கிலோ. 12லிருந்து 10க்கு இறங்கும் அந்த 2 கிலோவுக்குத்தான் விலை எகிறுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். நீங்களும் 12 கிலோ வண்டியும் சேர்ந்து 86 கிலோ. 300 மீட்டர் உயரத்தை 200 வாட் உழைப்பில் ஏற ஏறக்குறைய 21 நிமிடம். வண்டி 2 கிலோ குறைந்தால் மிச்சமாவது அரை நிமிடம்கூட இல்லை. பந்தயக்காரனுக்கு அது பதக்கம். நமக்கு வழியில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கும் நேரம். ஆனால் இலேசான வண்டியின் அருமை தெரிகிற இடம் வேறு இருக்கிறது. பாறை விளிம்பில் முன்சக்கரத்தைத் தூக்கி வைக்கும்போது, திருப்பத்தில் பின்பக்கத்தை நகர்த்தும்போது, ஓட்ட முடியாத இடத்தில் தோளில் போட்டு ஏறும்போது கை அதை உணரும். என் கருத்து, 12 கிலோ வண்டியே உங்களுக்குத் தாராளம். மிச்சமாகும் பணத்தில் நல்ல டயரும் ஷாக் பம்ப்பும் வாங்குங்கள்.

டயர் என்றதும் முள். நம் பக்கத்தில் வேலிக்காத்தான் இல்லாத ஏரிக்கரை உண்டா? டியூப் போட்டு ஓட்டினால் வாரத்துக்கு ஒரு பஞ்சர் நிச்சயம். டியூப்லெஸ் டயரும், உள்ளே துளையை அடைக்கும் சீலன்ட் பாலும் கட்டாயம். போன மாதம் ஒரு முள்ளைப் பிடுங்கியபோது துளையிலிருந்து வெள்ளையாக நுரை கொப்பளித்தது. துளையைக் கீழ்ப்பக்கம் திருப்பி வைத்தேன், நான்கைந்து மூச்சுக்குள் அடைந்துவிட்டது. நம் வெயிலுக்கு அந்தப் பால் சீக்கிரம் காய்ந்துவிடும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஊற்றிக்கொள்ளுங்கள். உங்கள் எடைக்கு, 2.35 அங்குல டயரில் 20 முதல் 23 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) போதும். கல்லுபோல் காற்று அடித்து வைத்தால் ஷாக்குக்குக் கொடுத்த காசில் பாதி வீண்.

வெயிலைப் பற்றி இன்னொன்று. விடிகாலை 25 டிகிரியில் ஷாக்கில் 170 பிஎஸ்ஐ வைத்தீர்கள் என்றால், அக்னி நட்சத்திர நாளில் வண்டி 45 டிகிரி சூட்டில் நிற்கும்போது அது இன்னும் 12 பிஎஸ்ஐ வரை கூடிவிடும். வண்டி திடீரென்று விறைத்துப்போனது மாதிரி இருந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். எப்போதும் ஒரே நேரத்தில், நிழலில் வைத்து அளந்து பழகுங்கள். செம்மண் தூசியும் ஷாக்குக்கு எதிரி. ஒவ்வொரு முறை வந்ததும் தண்டுகளை மெல்லிய பழைய வேட்டித் துணியால் துடைத்துவிடுங்கள். சில கம்பெனிகள் 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை சர்வீஸ் கேட்கின்றன. அந்தச் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

பாதை நன்றாக இருக்கிறதே என்று காப்புக்காட்டுக்குள் நுழைந்துவிடாதீர்கள். அனுமதியில்லாமல் போவது குற்றம். குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் ஆந்திர எல்லைக் காடுகளிலிருந்து யானை இறங்கும், சத்தமே இல்லாத சைக்கிளில் அதன் எதிரில் போய் நிற்க வேண்டாம். நமக்கு ஏரிக்கரைகளும் அடிவாரத் தடங்களும் போதும்.

ஆக, வாரத்தில் மூன்று நாளாவது நீங்கள் கல்லும் சரளையும் உள்ள பாதைக்குப் போகிறீர்கள் என்றால் வாங்குங்கள். தார் ரோடும் கெட்டியான ஏரிக்கரையும்தான் பெரும்பகுதி என்றால் வேண்டாம், இருக்கும் வண்டிக்கே டியூப்லெஸ் டயர் போட்டுக்கொள்ளுங்கள். அதிலேயே பெரிய வித்தியாசம் தெரியும்.

பழையதை விற்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் சேறு பின்பக்கத்து இணைப்புகளுக்குள் போய் பேரிங்கைத் தின்னும், அந்த மாதங்களுக்குப் பழைய வண்டிதான் சரி. அப்புறம், "தண்டம்" என்று சொன்னாரே அந்த நண்பர், அவருக்கு உங்கள் புது வண்டியைக் கொடுத்துவிட்டு, நீங்கள் பழையதில் பின்னால் போங்கள். அவர் எடைக்குக் காற்று வைக்க மறந்துவிடாதீர்கள்.

அன்புடன்