கிச்சனுக்குள் போன சிக்கன்

கேள்வி: சிங்கப்பூரில் துணைப்பாடம் சொல்லித் தருகிறேன். சீனாவிலிருந்து வந்து ஆறு மாதமே ஆன 13 வயது மாணவன் ஒருவன், 'கிச்சன்–சிக்கன்', 'ஏஞ்சல்–ஆங்கிள்', 'குவையட்–குவைட்' என்று பார்வைக்கு ஒத்த ஆங்கிலச் சொற்களை எல்லாம் மாற்றி எழுதுகிறான். அவன் தாயார் பள்ளிச் சேர்க்கை முகவர் ஒருவரிடம் பணம் கொடுத்து 500 ஜோடிக் குழப்பச் சொற்களின் பட்டியலை வாங்கி வந்திருக்கிறார். நாளுக்குப் பத்து ஜோடி வீதம் மனப்பாடம் செய்ய வைக்கலாமா? பையனுக்குப் பார்வையில் ஏதும் கோளாறு இருக்குமோ?

பதில்: வேண்டாம். முதலில் அந்தப் பட்டியலை மூடி வையுங்கள்.

கண்ணைப் பற்றிய கவலை பெரும்பாலும் வீண். சீன எழுத்தில் 'தான்' என்பதற்கும் 'ஏற்கெனவே' என்பதற்கும் உள்ள வேறுபாடு, இடப்பக்கக் கோடு சற்று மேலேறி நிற்பது மட்டுமே. மரம், வாய் என்ற இரண்டு வடிவங்களில் மரத்தை மேலே வைத்தால் ஆப்ரிகாட் பழம். வாயை மேலே வைத்தால் மந்தம். இவற்றைக் கட்டம் போட்ட நோட்டில் எழுதிப் பழகி வளர்ந்த பிள்ளையின் கண் நம் கண்ணைவிடக் கூர்மையானது. ஆனால் அந்தக் கண்ணை மட்டுமே நம்பி அவன் ஆங்கிலத்தைப் படிக்கிறான், தொல்லை அங்கேதான் தொடங்குகிறது. சொல்லை ஒரு படமாகப் பிடித்து வைத்துக்கொள்கிறான். கிச்சனுக்கு ஆங்கிலத்தில் ஏழு எழுத்து, சிக்கனுக்கும் ஏழு. இரண்டின் வாலும் ஒன்றே. ஏஞ்சலும் ஆங்கிளும் கடைசி இரண்டு எழுத்து இடம் மாறியவை, குவையட்டும் குவைட்டும் அப்படியே. ஒலி ஒட்டாத படங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து விழத்தான் செய்யும். என் மாணவி ஒருத்தி, தன் தாயார் தினமும் மாலையில் சிக்கனுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வதாகக் கட்டுரை எழுதினாள். அவளை இரண்டு சொல்லையும் உரக்கப் படிக்கச் சொன்னேன். இரண்டையும் ஒரே மாதிரிதான் படித்தாள்.

உங்கள் மாணவனையும் அப்படிப் படிக்கச் சொல்லிப் பாருங்கள். இரண்டையும் சரியாகப் படித்துவிட்டு எழுதும்போது மட்டும் தவறினால், அது எழுத்துக்கூட்டல் சிக்கல். சில வாரங்களில் சரியாகும். ஒரே மாதிரி படித்தாலோ, முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகித்தாலோ, பாடத்தை ஒலியிலிருந்து தொடங்க வேண்டும்.

அவனுக்கு ரோமன் எழுத்து தெரியுமே என்பீர்கள். தெரியும், வேறு ஒலிகளோடு தெரியும். சீன ஒலிகளை ரோமன் எழுத்தில் எழுதுவதற்காக 1958இல் சீன அரசு ஏற்றுக்கொண்ட பின்யின் முறையில்தான் அவன் அந்த எழுத்துகளை முதலில் கற்றான். ஆங்கிலத்தில் 'பெண்கள்' என்று பொருள்படும் ஐந்து எழுத்தை அதே வரிசையில் பின்யினாகப் படித்தால் 'நாங்கள்'. ஆங்கிலத்தில் 'நீளமான' என்பது அங்கே டிராகன். பிள்ளை சோம்பேறி என்று திட்டுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி பட்டியலுக்கு வருகிறேன். ஒத்த வடிவச் சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே நாளில் கற்பித்தால், இரண்டில் எதுவுமே ஊன்றாது. ஒன்றை நினைத்தால் மற்றதும் கூடவே வந்து நிற்கும். அகரவரிசைச் சொல் புத்தகங்களும் இதே பாவத்தைத்தான் செய்கின்றன. சீனாவில் கல்லூரி ஆங்கிலத் தேர்வு 1987இல் தொடங்கியது. அதற்கான சொல் புத்தகங்கள் பலவற்றில் முதல் சொல்லின் பொருள் 'கைவிடு'. பல மாணவர்கள் அந்தப் பக்கத்தோடு கைவிட்டும் விடுகிறார்கள் என்பது அங்கே பழைய நகைச்சுவை. தாண்டிப் போகிறவர்களுக்குத் 'தகவமை', 'தத்தெடு' என்ற இரண்டுக்குமான சொற்கள் ஒரே மூச்சில் வருகின்றன. தமிழில் எழுதினால் இரண்டுமே 'அடாப்ட்'தான். நமக்கே இந்தப் பாடு! தேர்வுத்தாள்காரர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. ஒத்த வடிவச் சொற்கள் நான்கை வரிசையாக நிறுத்தி 'சரியானதைத் தேர்ந்தெடு' என்கிறார்கள். குழப்பத்தை அளப்பதாக அவர்களுக்கு நினைப்பு. குழப்பத்தை ஊட்டுகிறார்கள் என்பேன்.

அந்த முகவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அடுத்து அவர் 'ஒலி ஒப்புமை நினைவுமுறை' என்ற ஒன்றை விற்க வருவார். ஆம்புலன்ஸ் என்பதற்கு 'நான் சாகக்கூடாது' என்ற சீனத் தொடரையும், பூச்சி என்று பொருள்படும் 'பெஸ்ட்' என்பதற்கு 'அதை அடித்துக் கொல்' என்ற தொடரையும் ஒலிக்கு ஈடாகச் சொல்லித் தரும் வித்தை அது. கேட்கச் சிரிப்பு வரும், பிள்ளைக்கும் பிடிக்கும். ஆனால் ஓர் அசைச் சொல் அவன் வாயில் மூன்று அசையாகிவிடும். பிறகு அதைப் பிடுங்கி எடுக்க நீங்கள் ஓராண்டு போராட வேண்டும். 'பெஸ்ட்', 'பாஸ்ட்', 'போஸ்ட்' மூன்றையும் பிரித்தறிய அந்த வித்தை எள்ளளவும் உதவாது.

அனைத்துலக மாணவர்களுக்கான சேர்க்கைத் தேர்வில் அரசுப் பள்ளி இடம் 'உறுதி' என்று அவர் சொல்லியிருந்தால் இன்னும் உஷாராக இருங்கள். அதற்குக் கல்வி அமைச்சின் இணையத்தளத்தில் பெற்றோரே விண்ணப்பிக்கலாம். தேறினாலும் காலியிடம் இருந்தால்தான் இடம். எந்த முகவராலும் காலியிடத்தை உண்டாக்க முடியாது. பிள்ளையின் படிப்புக்காகவே உடன் வந்து தங்கும் இந்தத் தாய்மாரைச் சீனத்தில் 'பெய்து மாமா' என்பார்கள். (மாமா என்றால் அங்கே அம்மா.) ஊரும் மொழியும் புதிது, பயம் அதிகம். அந்தப் பயத்தை வைத்துத்தான் இந்த வியாபாரம் நடக்கிறது. அமைச்சு தன் விதிகளை இந்தத் தாய்மாருக்குப் புரியும் எளிய சீனத்தில் வீடு வீடாகச் சொன்னால் பாதி முகவர்கள் கடையைக் கட்டிவிடுவார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. ஒரு ஜோடியில் அவனுக்கு ஓரளவு பழக்கமான சொல் எது என்று பாருங்கள். 'குவையட்' என்றால் அதை மட்டும் எடுங்கள். 'அமைதியாக இரு', 'அமைதியான அறை' என்று அது வழக்கமாக வரும் தொடர்களோடு கொடுங்கள். மூன்று வாரமாவது 'குவைட்' பக்கமே போகாதீர்கள். முந்தையது தடுமாறாமல் வரத் தொடங்கிய பிறகு, 'மிகவும் நன்று' என்பதுபோல் அது வழக்கமாக வரும் தொடரோடு 'குவைட்'டைக் கொண்டுவாருங்கள். புதிய சொல்லை ஒரேயடியாகக் காட்ட வேண்டாம். ஓர் அட்டையால் மூடி, இடமிருந்து வலமாக அசை அசையாகத் திறந்து, ஒவ்வொன்றையும் உரக்கச் சொல்ல வையுங்கள். வரிசை மாறினால் பொருள் மாறும் என்பதற்கு மரமும் வாயும் உதாரணத்தைச் சொல்லுங்கள், உடனே பிடித்துக்கொள்வான்.

ஒரு விதிவிலக்கு. நாளை உங்களிடம் ஹாங்காங் பிள்ளை வந்தால், பின்யின் பற்றி நான் சொன்னதை அப்படியே ஒட்டவைக்காதீர்கள். அங்கே பெரும்பாலான பிள்ளைகள் பின்யின் இல்லாமலே, தென்சீனப் பேச்சுமொழியான கான்டனீஸ் பேசிக்கொண்டு சீன எழுத்துகளைக் கற்கிறார்கள். ஆகவே ரோமன் எழுத்துக்குத் தவறான ஒலி கொடுக்கும் பழக்கம் அவர்களிடம் குறைவு. எழுத்தை ஒலியாக உடைக்கும் பழக்கமும் குறைவு. பழகிய ஆங்கிலச் சொற்களைச் சரளமாகப் படிப்பார்கள். பார்த்தறியாத சொல்லைக் கொடுத்தால் திகைப்பார்கள். சரளத்தைக் கண்டு ஏமாறாமல், பொருளே இல்லாத புனைசொல் இரண்டைப் படிக்கக் கொடுத்துச் சோதியுங்கள். கான்டனீஸில் சொல்லின் இறுதியில் ப், ட், க் ஒலிகள் உண்டு, சீனாவின் பொதுமொழியான மாண்டரினில் இல்லை. ஆகவே சொல் முடிவைக் கேட்டறிவதில் அவர்களுக்குச் சிறிது அனுகூலம். உங்கள் இப்போதைய மாணவனுக்கோ அந்த இறுதி ஒலிகளில்தான் கூடுதல் பயிற்சி தேவைப்படும்.

இப்படி மெதுவாகப் போனால் தாயார் முகம் சுளிப்பார். கொடுத்த பணம் வீணாயிற்றே என்பார். அந்தப் பட்டியலின் பின்பக்கம் வெறுமையாக இருந்தால், மூடித் திறக்கும் அட்டைகளாக வெட்டிக்கொள்ளுங்கள்.