டெரகோட்டாவா, செங்கல் சிவப்பா?

கேள்வி: புதுச்சேரி முத்தியால்பேட்டையில் பழைய வீடு. ஹாலில் ஒரு சுவருக்கு மட்டும் டெரகோட்டா அடிக்கலாம் என்கிறேன், கணவர் செங்கல் சிவப்புதான் வேண்டும் என்கிறார். ஷேடு கார்டில் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கின்றன. தரை சிவப்பு ஆக்சைடு, மேற்கே ஒரே ஜன்னல். எதை வாங்குவது?

பதில்: நான் உங்கள் பக்கம். காரணம் உங்கள் தரை. சிவப்பு ஆக்சைடு தரையை ஒட்டிச் செங்கல் சிவப்புச் சுவர் வந்தால் இரண்டும் ஒன்றாகி, ஒரே ஜன்னல் உள்ள ஹாலில் அந்தப் பக்கமே இருண்டுபோகும். டெரகோட்டாவில் ஆரஞ்சு கொஞ்சம் தூக்கல் என்பதால் தரையிலிருந்து பிரிந்து தெரியும்.

ஆனால் கார்டை மட்டும் நம்பி வாங்காதீர்கள். இரண்டிலும் சின்ன சாம்பிள் டப்பா வாங்கி, இரண்டடி அட்டையில் ரெண்டு கோட் அடித்து, நன்றாகக் காய்ந்தபின் (எமல்ஷன் பெயிண்ட் காய்ந்தால் பெரும்பாலும் ஒரு படி அடர்த்தியாகும்) தரையை ஒட்டி நிறுத்திப் பாருங்கள். காலையில் ஒரு முறை, மேற்கு வெயில் உள்ளே விழும்போது ஒரு முறை, ராத்திரி லைட்டில் ஒரு முறை. சாயங்கால வெயிலில் இரண்டுமே சிவந்து தெரியும், அதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். ராத்திரி 6500 கெல்வின் வெள்ளை டியூப்லைட்டில் டெரகோட்டா மண்போல மங்கித் தெரிந்தால் பெயிண்டை மாற்றாதீர்கள், மஞ்சள் ஒளி தரும் 3000 கெல்வின் பல்பை மாட்டிப் பாருங்கள், செலவு அதுதான் கம்மி.

அப்புறம் பட்ஜெட். அடர் நிறங்களுக்கான பேஸில் (கடையில் சாயம் கலப்பதற்கு முந்தைய பெயிண்டில்) வெள்ளை நிறமி குறைவு, அதனால் பழைய சுவரை மூடும் சக்தியும் குறைவு, பெயிண்டர் மூன்றாவது கோட் கேட்டால் ஏமாற்றுகிறார் என்று நினைக்க வேண்டாம். வெள்ளை பிரைமருக்குப் பதில் சாயம் கலந்த பிரைமர் அடித்தால் ஒரு கோட் மிச்சமாகலாம். மொத்தப் பெயிண்டையும் ஒரே தடவையில் கலந்து வாங்குங்கள், பிறகு வாங்கும் டப்பா கொஞ்சம் மாறினாலும் ஒரே சுவரில் பட்டையாகத் தெரியும்.

இதற்கெல்லாம் முன்னால் ஓதம் இருக்கிறதா பாருங்கள். கடலோரப் பழைய சுவரில் உப்பு பூத்தால் வெளிர் நிறத்தில் அவ்வளவாகத் தெரியாது, இந்தச் சிவப்பில் வெள்ளை வெள்ளையாகக் காட்டிக் கொடுத்துவிடும். ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டிவிட்டு ஓரிரு நாள் கழித்துப் பிரியுங்கள், சுவர்ப்பக்கம் நீர் கோத்திருந்தால் முதலில் அதைச் சரிசெய்யவேண்டும், பட்டியும் பெயிண்டும் பிறகுதான்.

கணவருக்குச் செங்கல் சிவப்பு அவ்வளவு பிடித்திருந்தால் வாசல் பக்கச் சுவரை அவரிடம் விட்டுவிடுங்கள். அங்கே எக்ஸ்டீரியர் எமல்ஷன் கேட்டு வாங்கச் சொல்லுங்கள், ஹாலுக்கு வாங்கியது மிச்சம் இருக்கிறதே என்று அதை வெளியே அடிக்க வேண்டாம்.