திடம், திரவம், வாயு: உங்க கேள்விக்கெல்லாம் கெமிஸ்ட்ரி டீச்சர் பதில்

வணக்கம். தஞ்சாவூர் பக்கம் பத்தாவது, பன்னெண்டாவதுக்கு கெமிஸ்ட்ரி எடுக்குறேன். பொருளுக்குள்ள துகள் எப்படி நடந்துக்குதுன்னு நேத்துலேர்ந்து நிறைய பேர் கேட்டிருக்கீங்க, ஒவ்வொண்ணா சொல்றேன்.

கும்பகோணம்: டீச்சர், சூடு பண்ணா பொருள் விரியுதே, அப்ப உள்ள இருக்குற ஒவ்வொரு துகளும் பெருசாகுதா?

இல்ல தம்பி, பசங்க பரீட்சைல மார்க் விடுறதே இங்கதான். துகள் வீங்காது, நடுவுல இருக்குற இடைவெளிதான் கூடும். உங்களுக்கு பக்கத்துலயே சுவாமிமலை இருக்கு, மெழுகுல உருவம் செஞ்சு காவிரி வண்டல பூசி, மெழுக உருக்கி எடுத்துட்டு அந்த எடத்துல உலோகத்த காய்ச்சி ஊத்துறாங்கல்ல, உருகுன உலோகத்துல அணு ஒண்ண ஒண்ணு விட்டுடல, ஆனா ஒரே எடத்துல நிக்காம நழுவி நழுவி போகுது, அதனாலதான் விரல் இடுக்கு வரைக்கும் எறங்கி ரொம்புது. ஆறுனா அதே அணுங்க நெருங்கி உக்காந்துக்கும், உலோகம் லேசா சுருங்கும்.

மன்னார்குடி, ஒன்பதாவது: மிஸ், சாலிட்ல துகள் அசையாதுன்னு எழுதலாமா?

எழுதாதடா கண்ணு. எடம் மாறாது, ஆனா நின்ன எடத்துலயே அதிர்ந்துகிட்டே இருக்கும். கேஸ்லதான் இஷ்டத்துக்கு ஓடும், இப்ப உன்ன சுத்தி இருக்குற நைட்ரஜன் மாலிக்யூல் (அணுங்க சேந்த துகள்) சராசரியா செகண்டுக்கு 500 மீட்டர் கிட்ட பறக்குது, ஆனா ஒண்ணோட ஒண்ணு முட்டிகிட்டே இருக்குறதால சாம்பிராணி வாசனை வாசலுக்கு வர நேரமாகுது.

வேதாரண்யம்: உப்பளத்துல தண்ணி கொதிக்கவே இல்லயே டீச்சர், பின்ன எப்படி ஆவியாகுது?

நல்ல கேள்விங்க. தண்ணி 35 டிகிரின்னு நாம சொல்றது மாலிக்யூலோட சராசரி வேகத்த வச்சுதான், பாத்தில இருக்குற எல்லா மாலிக்யூலுக்கும் ஒரே வேகம் கிடையாது. மேல்மட்டத்துல நிக்குறதுல வேகம் அதிகமா இருக்குறது பக்கத்துல இருக்குற மாலிக்யூலோட இழுப்ப மீறி காத்துல போயிடும். வேகமானது போனா மிச்சத்தோட சராசரி கொறையும், தண்ணி கொஞ்சம் குளுரும், வெயில் மறுபடி சூடு குடுக்கும், இப்படியே நடந்துகிட்டு இருக்கும். காத்து அடிச்சா ஆவிய அள்ளிட்டு போயிடும், மழைக்கால ஈரக் காத்துல போன மாலிக்யூல்ல நிறைய திரும்பி பாத்திக்கே வந்துடும், அதான் அப்ப உப்பு வெளையாது.

உப்பு ஏன் கூடவே போகலன்னு அடுத்து கேப்பீங்க. ஒரு லிட்டர் கடல் தண்ணில சுமாரா 35 கிராம் உப்பு இருக்கு. சோடியமும் குளோரைடும் மின்னேத்தம் உள்ள அயனிங்க, தண்ணிய விட்டு காத்துல தாவுற அளவுக்கு வெயில் சூடு பத்தாது. தண்ணி போக போக அதுங்க நெருங்கி, மாத்தி மாத்தி வரிசையா அடுக்கிக்கும். நம்ம கைல எடுக்குற உப்புக்கல்லு கட்டம் கட்டமா இருக்கே, அந்த அடுக்குதான் அது.

பாபநாசம்: நெல்லு அவிக்கிற அண்டா மூடிய எடுக்கும்போது கைல ஆவி அடிச்சுடுச்சு. கொதி தண்ணிய விட மோசமா கொப்பளிச்சுது, ரெண்டும் 100 டிகிரிதானே?

அக்கா, இனிமே அப்படி பட்டா உடனே குழா தண்ணில 20 நிமிஷம் காட்டுங்க, ஐஸ், பேஸ்ட் எதுவும் வேணாம். இப்ப காரணம். 1 கிராம் தண்ணிய 0லேர்ந்து 100 டிகிரிக்கு கொண்டுவர 100 கலோரி போதும். அதே 100 டிகிரிலயே ஆவியாக்க இன்னொரு 540 கலோரி வேணும். அந்த சூடு மொத்தமும் மாலிக்யூல பிரிச்சு விடுறதுக்கே செலவாகுது, தெர்மாமீட்டர் ஏறாது. ஆவி உங்க தோல்ல பட்டு மறுபடி தண்ணியாகும்போது அந்த 540ஐயும் அங்கயே எறக்கிடுது, கொதி தண்ணிகிட்ட அது இல்ல.

நாகப்பட்டினம்: சூடம் டப்பாலயே கரையுதே?

உருகாம நேரா வாயுவாகுது. மூடிய இறுக்கி வைங்க, போதும்.

திருவாரூர்: கேஸ் சிலிண்டர ஆட்டுனா தளும்புதே, உள்ள கேஸ்தானே இருக்கணும்?

அமுக்கி அமுக்கி மாலிக்யூல நெருக்கி வச்சிருக்காங்க, அதனால முக்காவாசி திரவமாதான் இருக்கு. அடுப்புக்கு வர்றது மேல நிக்குற வாயு, அது போக போக கீழ இருக்குறது கொதிச்சு அந்த எடத்த ரொப்பும். சிலிண்டர படுக்க வைக்காதீங்கன்னு சொல்றது இதுக்குதான், திரவமே குழாய்ல வந்துடும், வெளிய வந்தா சுமார் 250 மடங்கு விரியும். காத்த விட கனமானதால தரையோட தங்கும். வாசனை வந்தா ஸ்விட்ச போடவும் வேணாம், அணைக்கவும் வேணாம், ரெகுலேட்டர மூடி வாசக்கதவ தெறந்து விட்டுட்டு வெளிய வந்துடுங்க.